அலையில் கூடும் அவை

நுழையும்முன்

புயலிலும் நிலநடுக்கத்திலும் முதலில் அறுந்துபோவது செய்தித்தொடர்பு. கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்து, மின்சாரமும் நின்றுபோன இடங்களிலிருந்து வெளியுலகிற்குக் குரல்கொடுத்தோருள் அமெச்சூர் வானொலியாளர்களும் உள்ளனர். நெருக்கடியில் ஒலித்த அக்குரலுக்குப் பின்னால், நாள்தோறும் நடைபெற்ற எளிய பயிற்சி ஒன்று இருக்கிறது. அப்பயிற்சி எவ்வாறு அமைக்கப்படுகிறது, எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஊர்மக்கள் கூடிப் பேசுவதற்கு மன்றமும் ஆலமரத்தடியும் இருந்தன. அங்கே பேச்சுக்கு ஒரு முறை இருந்தது. ஒருவர் பேச, மற்றவர் கேட்டனர். அடுத்துப் பேசுபவர் யார் என்பதை அவையின் மூத்தவர் குறிப்பிட்டார். கூரையும் சுவரும் இல்லாத அத்தகைய அவை ஒன்று இன்றும் கூடுகிறது. அதில் பங்கேற்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. ஒருவர் கோயம்புத்தூரில் இருப்பார். மற்றொருவர் கொச்சியில் இருப்பார். இன்னொருவர் ஐதராபாத்தில் இருப்பார். குறித்த நேரத்தில், குறித்த அலைவெண்ணில் அனைவரும் தத்தம் வானொலிக் கருவியை இயக்குவர். சிற்றலை வழியே நடைபெறும் இக்கூட்டத்திற்கு ‘வானொலி வலை’ என்று பெயர். வானொலியாளர்கள் இதனைச் சுருக்கமாக ‘நெட்’ என்பர்.

அமெச்சூர் வானொலி

ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, அறிவியல் ஆர்வத்தால் தமக்கென ஒரு வானொலி நிலையம் அமைத்துப் பிறருடன் உரையாடுவோர் அமெச்சூர் வானொலியாளர் ஆவர். ‘ஹாம்’ என்பது அவர்களுக்கு உலகெங்கும் வழங்கும் செல்லப்பெயர். வீட்டு வானொலிப் பெட்டி பிறர் பேசுவதைக் கேட்க மட்டுமே உதவும். அமெச்சூர் நிலையமோ கேட்கவும் பேசவும் வல்லது. வானலை அனைவருக்கும் பொதுவானது. ஆகவே, அதில் பேசுவதற்கு உரிமம் வேண்டும். நம் நாட்டில் நடுவண் அரசின் தகவல்தொடர்பு அமைச்சகம் இதற்கான தேர்வை நடத்தி உரிமம் வழங்குகிறது. 12 வயது நிறைந்த எவரும் இத்தேர்வை எழுதலாம். வானொலி இயக்கத்தின் அடிப்படை அறிவியலும் அதற்குரிய சட்டவிதிகளும் தேர்வுப் பகுதிகளாகும். பொதுநிலைச் சான்றிதழ் பெற விரும்புவோர்க்கு மோர்சுக் குறியீட்டுத் தேர்வும் உண்டு.

உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி வழங்கப்படும். இந்திய அமெச்சூர்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் ‘வி.யூ.2’ அல்லது ‘வி.யூ.3’ எனத் தொடங்கிச் சில எழுத்துகளோடு முடியும். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு ‘வி.யூ.4’ என்பதும் இலட்சத்தீவுக்கு ‘வி.யூ.7’ என்பதும் உரியவை. வானொலியில் ஒருவருடைய முகமும் முகவரியும் இவ்வழைப்புக்குறியே எனலாம்.

வலையின் தேவை

தொலைபேசியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினாலும் இருவர் குரலும் கேட்கும். சிற்றலையில் அவ்வாறு இயலாது. பேசுவதற்காகப் பொத்தானை அழுத்தியவுடன் கருவியின் கேட்கும் பகுதி அடங்கிவிடும். இருவர் ஒருசேர அழுத்தினால், கேட்டுக்கொண்டிருப்போர்க்குக் குழம்பிய இரைச்சலே எட்டும். தம் பேச்சு பாழானது என்பதை அவ்விருவரும் அறியவும் மாட்டார்கள். இருவர்க்கே இந்நிலை என்றால் முப்பது பேர் கூடும் இடத்தில் ஒழுங்கு எத்துணை இன்றியமையாதது என்பதை எளிதில் உணரலாம்.

வலைக்கு மற்றொரு தேவையும் உண்டு. ஒரு நிலையத்தின் குரல் எல்லா இடங்களையும் எட்டுவதில்லை. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வாழ்ந்த ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் 1914ஆம் ஆண்டு, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குச் செய்தி அனுப்ப முயன்றார். அவருடைய நிலையத்தால் அவ்வூரை எட்ட முடியவில்லை. இடைப்பட்ட ஊரொன்றில் இருந்த அமெச்சூர் ஒருவர் அச்செய்தியைப் பெற்று, மீண்டும் அனுப்பி உதவினார். கைம்மாற்றிக் கைம்மாற்றி எவ்வளவு தொலைவிற்கும் செய்தியைக் கொண்டுசெல்லலாம் என்னும் எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது. அவ்வாண்டிலேயே மாக்சிம் தொடங்கிய அமெரிக்க வானொலி அமைப்பு, ‘அஞ்சல்’ என்னும் பொருள்தரும் சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டுள்ளது. ஒருவர் குரல் எட்டாத இடத்திற்கு இன்னொருவர் குரல் எட்டும் என்பதே வலையின் அடிப்படை.

நேரமும் அலைவெண்ணும்

வலையைத் தொடங்க விரும்புவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: கூடும் நேரம், கூடும் அலைவெண். இவ்விரண்டும் நம் வசதியை மட்டும் பொறுத்தவை அல்ல; வானத்தையும் பொறுத்தவை.

புவிக்கு மேல் சுமார் 60 கிலோமீட்டரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை அயனி மண்டலம் பரவியுள்ளது. கதிரவனின் ஒளிக்கதிர்கள் அங்குள்ள காற்றின் அணுக்களைத் தாக்கி மின்னேற்றம் பெறச் செய்கின்றன. நிலத்திலிருந்து செல்லும் சிற்றலைகளை அம்மண்டலத்தின் மேலடுக்கு வளைத்து மீண்டும் நிலத்திற்கு அனுப்புகிறது. அதன் கீழடுக்கோ பகலில் தோன்றிக் குறைந்த அலைவெண் கொண்ட அலைகளை உறிஞ்சுகிறது, இரவில் மறைகிறது. இதனால் ஒரே அலைவெண் காலையில் ஒருவிதமாகவும் நள்ளிரவில் வேறுவிதமாகவும் இயங்கும். கதிரவனின் செயல்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதால், ஆண்டுக்கு ஆண்டும் வேறுபாடு தோன்றும்.

இந்தியாவில் அமெச்சூர்களுக்கென ஒதுக்கப்பட்ட சிற்றலைப் பட்டைகளுள் 7.000 முதல் 7.200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும், 14.000 முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையும் குறிப்பிடத்தக்கவை. அலைநீளத்தைக் கொண்டு முன்னதை 40 மீட்டர் பட்டை என்றும் பின்னதை 20 மீட்டர் பட்டை என்றும் அழைப்பர். பகற்பொழுதில் 40 மீட்டர் பட்டை சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ளோரை இணைக்கும். இரவில் அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிச் செல்லும். 20 மீட்டர் பட்டையில் பகலில் கடல்கடந்த நாடுகளும் தெளிவாகக் கேட்கும். ஆனால், மதுரையில் இருப்பவர்க்குத் திருநெல்வேலிக் குரல் கேளாமல் போகலாம். நிலத்தோடு செல்லும் அலை அவ்வூரை அடைவதற்குள் தேய்ந்துவிடும். வானிலிருந்து மீளும் அலையோ அவ்வூரைத் தாண்டிச் சென்று விழும். அண்டை ஊர் கேளாது, அயல்நாடு கேட்கும் இப்பகுதியைத் ‘தாவல் பகுதி’ எனலாம்.

எனவே, தென்மாநில வானொலியாளர்களை இணைக்க விரும்பும் வலைக்குக் காலைப்பொழுதும் 40 மீட்டர் பட்டையும் பொருத்தமானவை. ஆண்டெனாவும் அதற்கு எளிதே. ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள கம்பியை நடுவில் பிரித்து இணைப்புக் கொடுத்து, மிக உயரத்தில் கட்டாமல் விட்டால், அலைகள் ஏறக்குறைய செங்குத்தாக மேலே சென்று சுற்றுவட்டாரத்திலேயே இறங்கும். கடல்கடந்தோரும் பங்கேற்கும் வலையாயின், நேரத்தைப் பன்னாட்டுப் பொதுநேரத்தில் குறிப்பிட வேண்டும். இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணிநேரம் முந்தியது. நமக்குக் காலை 7.30 ஆகும்போது பொதுநேரம் 2.00 மணி.

எந்த அலைவெண்ணும் எந்த வலைக்கும் சொந்தம் அன்று. பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் கூடும் வலையாயினும், தொடங்குமுன் அங்கு வேறு எவரேனும் பேசிக்கொண்டிருக்கிறார்களா எனக் கேட்டறிய வேண்டும். பேசிக்கொண்டிருந்தால் சற்றே தள்ளி அமர்வதே முறை. ஆகவே, மாற்று அலைவெண் ஒன்றையும் முன்னரே அறிவித்துவைப்பர்.

நெறியாளர் நிலையம்

வலையை நடத்துபவர் ‘நெறியாளர்’ எனப்படுவார். அவருடைய முதல் கருவி ஒலிவாங்கி அன்று; எழுதுகோலே. குறித்த நேரத்திற்குச் சில நிமிடங்கள் முன்னரே அமர்ந்து அலைவெண்ணைக் கேட்பார். வேறு உரையாடல் இல்லை என உறுதிசெய்தபின், எழுதிவைத்த முன்னுரையைப் படிப்பார். வலையின் பெயர், நோக்கம், தம் அழைப்புக்குறி, பங்கேற்கும் முறை ஆகியன அதில் இருக்கும். நாள்தோறும் சொல்வது மனப்பாடம் ஆகாதா என்று கேட்கலாம். நெறியாளர்க்கு உடல்நலம் இல்லாத நாளில் புதியவர் ஒருவர் அந்தத் தாளை எடுத்துப் படித்து வலையை நடத்த முடியும் என்பதற்காகவே அது எழுதிவைக்கப்படுகிறது.

முன்னுரை முடிந்ததும், “அவசரச் செய்தி உள்ளவர் எவரேனும் உளரா?” என்பதே அவர் கேட்கும் முதல் கேள்வி. விடை வராவிட்டாலும் சில நொடிகள் காத்திருப்பார். பிறகு பயணத்தில் உள்ளோர், குறைந்த ஆற்றலில் ஒலிபரப்புவோர் ஆகியோரை முதலில் அழைப்பார். வலிய குரல்கள் எப்போதும் கேட்கும். மெலிந்த குரலுக்கே இடம் ஒதுக்க வேண்டும். அதன்பின் மற்றவர்கள் தம் அழைப்புக்குறியைக் கூறிப் பதிவு செய்துகொள்வர். நெறியாளர் அவற்றை வரிசையாக எழுதி, ஒருமுறை திருப்பிப் படித்து, ஒவ்வொருவராகப் பேச அழைப்பார்.

இங்கே காலக் கணக்கும் முக்கியம். முப்பது பேர் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசினால் ஒரு மணிநேரம் ஆகிவிடும். எனவே, ஊர், வானிலை, குரலின் தரம் பற்றிய குறிப்பு, சொல்ல வேண்டியது இருப்பின் அதுவும் என ஒவ்வொருவரும் சுருங்கப் பேசுவர். நெடிய உரையாடலை விரும்பும் இருவர், நெறியாளரின் ஒப்புதலோடு வேறு அலைவெண்ணுக்குச் சென்று பேசலாம்.

ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்குதல் கூடாது. இரண்டு மூன்று நொடி இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளி ஒரு திறந்த கதவு. விபத்தில் சிக்கிய ஒருவர் எங்கிருந்தேனும் உள்ளே நுழைய அவ்வழி ஒன்றே உண்டு. நெறியாளர்க்குக் கேளாத நிலையம் ஒன்றின் குரலைக் கேட்டவர், அந்த இடைவெளியில் குறுக்கிட்டு அஞ்சல் செய்ய முன்வருவார்.

தெரிந்து தெளிவோம்

மோர்சுக் குறியீட்டில் நீண்ட தொடர்களைச் சுருக்கி அனுப்ப ‘கியூ’ என்னும் எழுத்தில் தொடங்கும் மூவெழுத்துக் குறிகள் உருவாயின. ‘கியூ.டி.எச்.’ என்பது இருப்பிடத்தையும் ‘கியூ.ஆர்.எம்.’ என்பது பிற நிலையங்களால் நேரும் இடையூற்றையும் ‘கியூ.எஸ்.ஒய்.’ என்பது அலைவெண் மாற்றத்தையும் குறிக்கும். குரல்வழி உரையாடலிலும் இவை வழங்குகின்றன. விடைபெறும்போது ‘73’ என்பர். ‘நல்வாழ்த்துகள்’ என்பது அதன் பொருள்.

சொல்லும் எண்ணும்

இரைச்சலுக்கிடையே சொல் சிதையும். ‘எழுபது’ என்பதும் ‘எண்பது’ என்பதும் ஒன்றுபோல ஒலிக்கும். ஆகவே, எண்களை ‘ஏழு, சுழியம்’ என இலக்கம் இலக்கமாகச் சொல்வர். அழைப்புக்குறியின் எழுத்துகளை ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ எனப் பன்னாட்டு அளவில் ஏற்கப்பட்ட சொற்களால் விரித்துரைப்பர்.

செய்தியை ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குக் கைம்மாற்றும்போது கவனம் மேலும் கூடும். செய்திப் படிவத்தில் வரிசை எண், அவசர நிலை, புறப்பட்ட நிலையம், நேரம், நாள் ஆகியவற்றோடு சொற்களின் எண்ணிக்கையும் இடம்பெறும். “பள்ளிக் கட்டடத்தில் நாற்பது பேர் உள்ளனர் குடிநீர் இல்லை” என்னும் செய்தியில் ஏழு சொற்கள் உள்ளன. இறுதிச் சொல் இரைச்சலில் மறைந்துபோனால், குடிநீர் இருப்பதாகப் பொருள்பட்டுவிடும். எழுதியவர் எண்ணிப் பார்க்கிறார்; ஆறு சொற்களே உள்ளன. எனவே, மீண்டும் கேட்கிறார். ஒரு சொல்லின் இழப்பு நாற்பது பேரைத் தாகத்தில் விடலாம் என்பதை உணர்ந்தோர் வகுத்த முறை இது. செய்தியைத் தம் நடையில் மாற்றிச் சொல்வதும் சுருக்குவதும் அஞ்சல் செய்வோர்க்கு உரிமை இல்லாதவை.

குரலின் தரத்தைக் கூறுவதிலும் உண்மை வேண்டும். தெளிவை ஒன்று முதல் ஐந்து வரையும் வலிமையை ஒன்று முதல் ஒன்பது வரையும் மதிப்பிடுவர். ‘ஐந்து ஒன்பது’ என்பது மிகச் சிறந்த மதிப்பீடு. நண்பரின் மனம் மகிழட்டும் என்று, தெளிவில்லாத குரலுக்கும் ‘ஐந்து ஒன்பது’ கூறும் வழக்கம் பலரிடம் உண்டு. வலையில் இப்பரிவு தீங்காகும். எந்த ஊர்க்கு எந்த ஊர் எந்நேரத்தில் எவ்வாறு கேட்கும் என்பதைப் பல மாதப் பதிவேடுகளிலிருந்தே நெறியாளர் அறிகிறார். அவருக்கு அது நிலப்படம் போன்றது. பொய்யான மதிப்பீடு அந்தப் படத்தில் இல்லாத சாலையை வரைந்துவிடும். நெருக்கடி வேளையில் செய்தி அச்சாலையில் சென்று தொலைந்துபோகும்.

வலையைத் தளரவிடாமை

வலையைத் தொடங்குதல் எளிது. தொடர்ந்து நடத்துதல் அரிது. முதல் மாதத்தில் ஆர்வத்தோடு வருவோர், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லை என்று விலகத் தொடங்குவர். ஒரே நெறியாளரை நம்பிய வலை, அவர் ஊருக்குச் சென்ற நாளில் கூடாது. இரண்டு நாள் கூடாத வலையை மூன்றாம் நாள் எவரும் தேடிவருவதில்லை.

இக்குறைகளைத் தவிர்க்கப் பட்டறிவு உடையோர் சில வழிகளைக் கையாள்வர். நெறியாளர் பொறுப்பைக் கிழமைக்கு ஒருவராகப் பகிர்ந்துகொள்வர். ஒவ்வொரு நாளும் மாற்று நெறியாளர் ஒருவர் வேறோர் ஊரில் ஆயத்தமாக இருந்து பதிவேட்டைத் தாமும் எழுதிவருவார். முதன்மை நிலையத்தில் மின்சாரம் நின்றால், அடுத்த நொடியே அவர் தொடர்வார். புதிதாக உரிமம் பெற்றவரை நெறியாளர் பெயர்சொல்லி வரவேற்று, அவர் தடுமாறினால் பொறுமையோடு வழிகாட்டுவார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு 12 வோல்ட் மின்கலத்தைக் கொண்டு மட்டும் நிலையத்தை இயக்கிப் பார்க்கும் பயிற்சி நாளும் அவ்வப்போது இடம்பெறும். மின்கலம் பழுதாகியிருப்பதைப் பேரிடர் நாளில் அறிவதைவிடப் பயிற்சி நாளில் அறிவது நன்று.

வணிகப் பேச்சு, மறைபொருள் கொண்ட குறிமொழி ஆகியவற்றிற்கு அமெச்சூர் வானொலியில் இடமில்லை. பிளவை வளர்க்கும் வாதங்களையும் வலையினர் தவிர்ப்பர். வேறுபட்ட மொழியினரும் கொள்கையினரும் நாளை ஒருவர் செய்தியை ஒருவர் சுமக்க வேண்டியிருக்கும்.

நெருக்கடி வேளையில்

பயணக் கப்பல்களுக்கும் படகுகளுக்கும் உதவும் அமெரிக்கக் கடல்வழி வானொலி வலை ஒன்று, 1968 முதல் 14.300 மெகாஹெர்ட்ஸில் இயங்கி வருகிறது. நாள்தோறும் பல மணிநேரம் அங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். பெரும்பாலான நாள்களில் படகுகளின் இருப்பிடங்களும் வானிலையுமே பேசப்படும். எனினும், நடுக்கடலில் துன்புறுவோர்க்கு, இந்த அலைவெண்ணில் ஒருவர் இருப்பார் என்னும் உறுதியே பெருந்துணை.

1965ஆம் ஆண்டு ‘பெட்சி’ என்னும் சூறாவளியின்போது தோன்றிய ‘சூறாவளிக் கண்காணிப்பு வலை’ 14.325 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. புயல் நிலத்தை நெருங்கும்போது, அதன் பாதையில் உள்ள அமெச்சூர்கள் காற்றின் வேகத்தையும் காற்றழுத்தத்தையும் அளந்து வலையில் தெரிவிக்கின்றனர். அவ்வளவீடுகள் மயாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையத்தின் வல்லுநர்களைச் சென்றடைகின்றன. செயற்கைக்கோள் மேலிருந்து காண்பதை, நிலத்தில் நின்று அளந்தவரின் குரல் நிறைவு செய்கிறது.

நம் நாட்டு நிகழ்வு ஒன்றும் நினைவுகூரத்தக்கது. 2004 டிசம்பரில் ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவினர், பாரதி பிரசாத் என்னும் அம்மையாரின் தலைமையில் அந்தமானின் போர்ட் பிளேருக்குச் சென்றனர். பல்லாண்டுகளாக அமெச்சூர் வானொலியில் ஒலிக்காத அத்தீவுகளிலிருந்து உலக வானொலியாளர்களோடு உரையாடுவதே அவர்களுடைய நோக்கம். டிசம்பர் 26ஆம் நாள் காலையில் நிலம் நடுங்கியது, ஆழிப்பேரலை எழுந்தது. தீவுகளின் செய்தித்தொடர்பு குலைந்தது. பொழுதுபோக்கிற்காகச் சென்ற அந்நிலையம் நொடிப்பொழுதில் உயிர்காக்கும் நிலையமாக மாறியது. குழுவினருள் சிலர் பெரும் அழிவிற்குள்ளான கார் நிக்கோபாரிலும் நிலையம் அமைத்தனர். ‘உயிரோடு இருக்கிறார்’, ‘நலமாக இருக்கிறார்’ என்னும் சிறு செய்திகள் சிற்றலையில் வங்கக்கடலைக் கடந்தன. பெருநிலத்தில் இருந்த அமெச்சூர்கள் அவற்றைக் கேட்டு எழுதி, உரிய குடும்பங்களுக்குத் தெரிவித்தனர்.

பாரதி பிரசாத் பேசியதால் மட்டும் அச்செய்திகள் வீடு சேரவில்லை. அக்கரையில் கேட்பதற்கு ஆள் இருந்தனர். எந்த நேரத்தில் எந்த அலைவெண் தீவுகளை எட்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பேச வேண்டிய நேரத்தில் பேசவும், அமைதி காக்க வேண்டிய நேரத்தில் அமைதி காக்கவும் பழகியிருந்தனர். அப்பழக்கத்தை ஒரே நாளில் எவருக்கும் கற்பிக்க இயலாது. செய்தி எதுவும் இல்லாத எத்தனையோ காலைகளில், “இங்கு மழை இல்லை, உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது” என்று பேசிப் பேசியே அது கைவந்தது.

கேட்டலைக் கல்விக்கு இணையாகப் போற்றுவது தமிழ் மரபு. வானொலி வலையும் அதனையே வலியுறுத்துகிறது. அங்கே ஒரு மணிநேரத்தில் ஒருவர் பேசுவது இரண்டு நிமிடம். கேட்பது ஐம்பத்தெட்டு நிமிடம். நாளை எந்தக் காலையில் எந்தத் திசையிலிருந்து ஒரு மெலிந்த குரல் எழும் என்பதை எவரும் அறியார். அது எழும்போது கேட்பதற்கு ஒரு செவி இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்த அவை இன்றும் கூடுகிறது.

கற்பவை கற்றபின்

1. ஏழு சொற்களைக் கொண்ட அவசரச் செய்தி ஒன்றை எழுதுக. அதனை வகுப்பில் ஒருவர் செவியிலிருந்து மற்றொருவர் செவிக்குப் பத்துப் பேர் வழியாக அனுப்பி, இறுதியில் கிடைத்த செய்தியை மூலத்தோடு ஒப்பிடுக. சொல் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்பி மீண்டும் செய்து பார்க்க.

2. உங்கள் வகுப்புக் கலந்துரையாடல் ஒன்றை நெறியாளர் ஒருவரைக் கொண்டு வானொலி வலையின் முறைப்படி நடத்துக. அவ்வாறு நடத்தியதால் விளைந்த மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.

3. ‘பேரிடரும் செய்தித்தொடர்பும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.